டோலாவின் ஊர்: பிடில் ஆற்றங்கரையில் நான்கு நாட்கள்

முதல் நாள், செவ்வாய்க்கிழமை

அக்கா வீடு இங்கிலாந்தின் தெற்குக் கரையில், டார்செட் மாவட்டத்துப் பூல் நகரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவமனையில் பதினாலு வருஷமாக நர்ஸ். மே மாதத்தில் நான்கு நாள் லீவு போட்டுவிட்டு, "எங்கடா போகணும், சொல்லு" என்றாள். ஒரு ஆற்றைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும் என்றேன். லண்டன் என்று சொல்வேன் என நினைத்திருப்பாள் போல. ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள்.

வரைபடத்தில் பார்த்த நாளிலிருந்து அந்த ஆறு மனசை விட்டுப் போகவில்லை. பெயர் பிடில். அதன் கரையில் வரிசையாகப் பிடில்ட்ரென்ட்ஹைட், பிடில்ஹின்டன், படில்டவுன், டோல்படில், அஃப்படில், பிரையன்ட்ஸ்படில், டர்னர்ஸ்படில் என்று ஏழு ஊர்கள். ஏழும் ஆற்றின் பெயரைத் தன் பெயருக்குள் வைத்திருக்கின்றன. இன்றைய ஆங்கிலத்தில் 'பிடில்' என்றால் சிறுநீர் கழிப்பது. அதனால் ஊர்ப்பலகை முன்னால் நின்று சிரித்தபடி போட்டோ எடுப்பவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பில் சேர எனக்கு மனம் வரவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'பிடெலெ' என்றால் சதுப்பு, நீர் ஊறிக்கிடக்கும் தாழ்ந்த நிலம். ஆற்றங்கரையில் குடியேறியவர்கள் கண்ணால் கண்டதைப் பெயராக வைத்தார்கள். கெட்ட பொருள் வந்து ஒட்டிக்கொண்டது ரொம்பப் பின்னால்.

ஊற்றிலிருந்து தொடங்கினோம். ஆல்டன் பேங்கிரஸ் என்ற சின்னஞ்சிறு ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், மேலே செம்மறி ஆடுகள். தேவாலயத்தை ஒட்டித்தான் ஆறு பிறக்கிறது. பிறக்கிறது என்று சொல்லக்கூடப் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. புல்லுக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் தண்ணீர் கசிந்து, ஒரு வாய்க்காலாகி நடக்க ஆரம்பிக்கிறது. குன்றின் சுண்ணாம்புப் பாறை குளிர்கால மழையையெல்லாம் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதால், தண்ணீரில் வண்டல் கிடையாது. அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். கையை விட்டுப் பார்த்தேன், விரல் விறைத்துப் போனது.

இங்கே ஒரு சந்தோஷம். ஆல்டன் என்ற பெயருக்கே 'ஆறு தொடங்கும் இடத்துப் பண்ணை' என்றுதான் பொருள். 1012-ஆம் ஆண்டு ஆவணத்தில் 'ஆவுல்ட்டூன்' என்று எழுதியிருக்கிறார்கள். 'ஆவுல்' என்பது ஊற்றுக்கண், 'டூன்' என்பது பண்ணை. பேங்கிரஸ் என்பது இந்தத் தேவாலயத்துப் புனிதரின் பெயர். ஆல்டன் என்ற பெயரில் வேறு ஊர்களும் இருப்பதால் பின்னால் வந்து சேர்ந்தது. அக்காவிடம் சொன்னேன். "பேரைப் படிச்சாலே வழி தெரிஞ்சிடும்னு சொல்லு" என்றாள். அதேதான்.

சாயங்காலம் பிடில்ட்ரென்ட்ஹைட் வந்து சேர்ந்தோம். சாலை ஓரமாகவே நீண்டு கிடக்கிற ஊர். ஆறும் கூடவே வருகிறது. வீட்டுச் சுவர்களில் ஒரு வரி செங்கல், ஒரு வரி சிக்கிமுக்கிக் கல் என்று மாற்றி மாற்றி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உடைத்த கல்லின் முகம் கறுப்புக் கண்ணாடிபோல் பளபளக்கிறது. பாதிப் பேர் கூரையில் வைக்கோல்தான்.

இந்த நீளமான பெயரைப் பிரித்தால் நடுவில் பிரெஞ்சு இருக்கிறது! 'ட்ரென்ட்' என்றால் முப்பது. 'ஹைட்' என்பது அந்தக் கால நில அளவு. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம், சுமார் 120 ஏக்கர் என்று கணக்கு. அதை வைத்துத்தான் வரி போட்டார்கள். ஆக, 'பிடில் ஆற்றில் முப்பது ஹைட் வரி கட்டும் ஊர்'. 1066-இல் நார்மண்டியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தவர்கள் பிரெஞ்சு பேசியவர்கள். வரிக்கணக்கு அவர்கள் வாயில் வந்தபடியே ஊருக்குப் பெயராகிவிட்டது. தேவாலயக் கோபுரத்தின் மேற்கு வாசலுக்கு மேலே லத்தீனில் ஒரு கல்வெட்டு. அதில் ஊர்ப்பெயர் 'பிடெல்ட்ரென்த்' என்று இருக்கிறது. ஆண்டு 1487. ரோமானிய எழுத்தில் போடாமல், நாம் எழுதும் அதே இலக்கங்களில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கட்டடங்களில் இது அபூர்வம். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன்.

இரண்டாம் நாள், புதன்கிழமை

காலையிலிருந்து தூறல். பிடில்ஹின்டனில் அதிக நேரம் நிற்கவில்லை. 'ஹின்டன்' என்பதில் 'ஹீவன்', அதாவது துறவிகளின் கூட்டம் என்ற சொல் இருக்கிறது. மடத்தாரின் பண்ணை என்று பொருள்.

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் அக்கா கேட்ட கேள்விதான் இன்றைய நாளின் விஷயம். "எல்லா ஊருக்கும் ஏன்டா ஒரே பேரை வச்சாங்க?" 1086-இல் முதலாம் வில்லியம் அரசர் நாடு முழுக்க யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை ஆலை என்று கணக்கெடுத்தார். அதற்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதில் இந்தக் கரையிலிருக்கும் பல நிலங்கள் வெறும் 'பிடெலெ' என்றுதான் பதிவாகியிருக்கின்றன. டோல்படிலும் பிடெலெ, பிடில்ஹின்டனும் பிடெலெ, டர்னர்ஸ்படிலும் பிடெலெ. ஆற்றங்கரையில் இருப்பவனுக்குத் தன் ஊரை வேறுபடுத்திச் சொல்லவேண்டிய தேவை இல்லை. அவனுக்கு அது ஆறு, அவ்வளவுதான். வரி வாங்குகிறவனுக்கும் பத்திரம் எழுதுகிறவனுக்கும்தான் எந்தப் பிடெலெ என்று தெரிந்தாக வேண்டும். அதனால் 1200-களின் ஏடுகளில் ஒவ்வொன்றுக்கும் முன்னாலோ பின்னாலோ ஓர் ஒட்டு வந்துவிடுகிறது. பெரும்பாலும் நிலம் யாருடையதோ அவர் பெயர். ஆற்றின் பெயரை மக்கள் வைத்தார்கள், ஒட்டைக் கணக்கப்பிள்ளைகள் வைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதியம் படில்டவுன். 1950-கள் வரை இதற்குப் பிடில்டவுன் என்றுதான் பெயர். கேட்க நன்றாக இல்லை என்று 'பி'யைப் 'ப'வாக மாற்றிவிட்டார்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் எல்லா ஊரிலும் 'படில்' இருப்பதற்கு, விக்டோரியா மகாராணி காதில் விழக்கூடாது என்று மாற்றியதாக ஒரு கதை இன்னும் உலாவுகிறது. அது நிற்காத கதை. 1834-இல் டோல்படில் தொழிலாளர் வழக்கு நடந்தபோதே அந்த ஊர் டோல்படில்தான். விக்டோரியா பட்டமேறியது 1837-இல். பழைய ஏடுகளில் இரண்டு விதமாகவும் மாறி மாறி எழுதியிருக்கிறார்கள். வாய் ஒன்றைச் சொல்ல, கை ஒன்றை எழுதிய காலம். ஆனால் படில்டவுன் விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். 'படில்' என்றால் இன்றைய ஆங்கிலத்தில் மழைநீர்க் குட்டை. ஆற்றுக்கும் ஊருக்கும் இருந்த உறவு ஓர் எழுத்தில் அறுந்துபோனது.

தாமஸ் ஹார்டி தன் நாவல்களில் இந்த ஊரை வெதர்பரி என்று எழுதினார். ஆக, இதற்கு மூன்று பெயர். தேவாலயத்துக்குள் 1635-இல் செய்த மரப்பெட்டி இருக்கைகள் அப்படியே இருக்கின்றன. கதவைத் திறந்து ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்தோம். வெளியே மழை. அக்கா அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். நைட் ஷிப்ட் பார்த்து வந்த உடம்பு. நான் எழுப்பவில்லை.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை

இன்று முழுக்க டோல்படில். எழுத நிறைய இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர். 'டோல்' என்பது டோலா. ஒரு பெண். டேனிஷ் மண்ணின் பெயர். அவள் கணவன் ஓர்க், இங்கிலாந்தை ஆண்ட கனூட் அரசரிடமும் பிறகு எட்வர்ட் அரசரிடமும் மெய்க்காவல் வீரனாக இருந்தவன். இருவரும் சேர்ந்து, கடற்கரையோரத்தில் அபட்ஸ்பரி என்ற ஊரில் ஒரு மடத்தை நிறுவினார்கள். டோலா தன்னிடமிருந்த இந்த ஆற்றங்கரை நிலத்தை அந்த மடத்துக்குக் கொடுத்தாள். நிலம் கைமாறிவிட்டது, பெயர் மட்டும் அவளுடையதாகவே தங்கிவிட்டது. இந்தக் கரையில் பெண் பெயர் தாங்கிய ஊர் இது ஒன்றுதான்.

ஓர்க் இன்னொரு காரியமும் செய்தான். அபட்ஸ்பரியில் ஒரு கூட்டாளிகள் சங்கம் ஏற்படுத்தி, அது கூடுவதற்கு ஒரு கூடமும் கொடுத்தான். சங்கத்தின் விதிகள் பழைய ஆங்கிலத்தில் இன்றும் இருக்கின்றன. ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பென்னி போடவேண்டும். யாராவது அறுபது மைலுக்குள் எங்கேயாவது நோயில் விழுந்தால், பதினைந்து பேர் போய்த் தூக்கி வரவேண்டும். இறந்துவிட்டால் முப்பது பேர் போகவேண்டும். உயிரோடு இருக்கும்போது எந்த இடத்துக்குப் போக ஆசைப்பட்டாரோ, அந்த இடத்தில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுமார் 980 வருஷத்துக்கு முந்தைய விதி இது.

இனி 1833-க்கு வருவோம். இந்த ஊர் விவசாயக் கூலிகளுக்கு வாரம் ஒன்பது ஷில்லிங் கிடைத்தது. அது எட்டானது, ஏழானது, அடுத்து ஆறு என்றார்கள். சுற்றுவட்டாரத்தில் பத்து ஷில்லிங் வாங்கியவர்கள் உண்டு. ஜார்ஜ் லவ்லெஸ் என்ற உழவர், மெதடிஸ்ட் சபையில் பிரசங்கமும் செய்பவர், விவசாயத் தொழிலாளர் நட்புச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். சேரும்போது ஒரு ஷில்லிங், அப்புறம் வாரம் ஒரு பென்னி. டோலாவின் கணவன் சங்கத்தில் போட்ட அதே பென்னி! லவ்லெஸுக்கு ஓர்க்கைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. இருந்தும் அதே டார்செட், அதே ஏற்பாடு.

கூட்டம் நடந்த தாமஸ் ஸ்டான்ஃபீல்டின் வீடு இன்னும் இருக்கிறது. மாடியில் புதிதாகச் சேர்பவர்களின் கண்ணைக் கட்டி, ஒரு எலும்புக்கூட்டுப் படத்தின் முன் உறுதிமொழி வாங்கினார்கள். அதுதான் வினையானது. சங்கம் வைப்பது குற்றம் என்ற சட்டம் 1824-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அதனால் கடற்படைக் கலகத்துக்காக 1797-இல் போட்ட சட்டவிரோத உறுதிமொழிச் சட்டத்தைத் தேடி எடுத்தார்கள். நிலக்கிழாரும் மாஜிஸ்திரேட்டுமான ஜேம்ஸ் ஃபிராம்ப்டன் முன்னின்றார். உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபு பின்னால் இருந்தார். 1834 பிப்ரவரி 24 விடிகாலையில் ஆறு பேரைக் கைது செய்து, டார்செஸ்டருக்கு ஏழு மைல் நடக்கவைத்தார்கள். ஜார்ஜ் லவ்லெஸ், தம்பி ஜேம்ஸ் லவ்லெஸ், தாமஸ் ஸ்டான்ஃபீல்ட், மகன் ஜான் ஸ்டான்ஃபீல்ட், ஜேம்ஸ் பிரைன், ஜேம்ஸ் ஹாமெட். மார்ச் 19-ஆம் தேதி தீர்ப்பு: ஏழு வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தல்.

நாடு கொதித்தது. ஏப்ரல் 21-ஆம் தேதி லண்டன் கோப்பன்ஹேகன் திடலில் பல்லாயிரம் பேர் கூடி ஊர்வலம் போனார்கள். 1836-இல் மன்னிப்பு வந்தது. ஆனால் கடைசி ஆள் திரும்பி வர 1839 ஆகிவிட்டது. வந்தவர்களில் ஐந்து பேர் சில வருஷம் எஸ்ஸெக்ஸில் பயிர் செய்துவிட்டு, கனடாவின் ஒன்டாரியோவுக்குக் குடிபோனார்கள். அங்கேயே மண்ணாகிவிட்டார்கள்.

ஊர் நடுவில் புல்வெளி. அங்கே ஒரு பழைய சிகமோர் மரம். ஆறு பேரும் கூடிப் பேசியது இதன் அடியில்தான் என்கிறார்கள். 1680-களில் முளைத்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் காலத்திலேயே அதற்கு நூற்றைம்பது வயது. அடிமரம் உள்ளே கோறையாகிக் கிடக்கிறது. பாரம் குறைய, உச்சிக் கிளைகளை வெட்டிவிட்டிருக்கிறார்கள். பட்டை சில இடத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்து, அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. அந்தச் செதில் ஒன்றை லேசாகத் தொட்டேன், காய்ந்த ஆப்பம்போல் மொறுமொறு என்று இருந்தது. கோறைக்குப் பக்கத்திலேயே இந்த வருஷத்துத் துளிர் ஒன்று, சிவந்த காம்போடு, உள்ளங்கை அளவு இலை விட்டிருந்தது. பக்கத்தில் வைக்கோல் வேய்ந்த ஒரு நிழற்குடை. 1934-இல், நூற்றாண்டு நினைவாக எர்னஸ்ட் டெபனம் கட்டிக்கொடுத்தது. அந்த ஆளைப் பற்றி நாளைக்குச் சொல்கிறேன். அதே வருஷம் தொழிற்சங்கங்கள் ஆறு பேர் நினைவாக ஆறு வீடுகள் கட்டின. வாசலுக்கு மேலே ஒவ்வொரு பெயராகப் பொறித்திருக்கிறார்கள். நடுவில் மியூசியம்.

ஆறு பேரில் ஊரிலேயே தங்கியவர் ஜேம்ஸ் ஹாமெட் ஒருவர்தான். உறுதிமொழி நடந்த அன்று அவர் அங்கே இல்லவே இல்லை, இருந்தது அவர் சகோதரர் ஜான் என்று சொல்கிறார்கள். ஜானின் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. இவர் வாயைத் திறக்காமல் தண்டனையை ஏற்றுக்கொண்டாராம். திரும்பி வந்து கட்டட வேலை பார்த்தார். கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. டார்செஸ்டரில் ஏழைகளை வைத்திருந்த விடுதியில் 1891-இல் இறந்தார். ஆனால் அடக்கம் செய்தது இங்கே, அவர் ஊரில்.

கல்லறைக்குப் போனோம். சிற்பி எரிக் கில் செதுக்கிய எளிய கல், 1934-இல் வைத்தது. அதற்கு முன் நாற்பது வருஷத்துக்கு மேல் வெறும் மண். 'டோல்படில் தியாகி' என்று எழுதியிருக்கிறது. எழுத்து ஆழமாக இல்லை, விரலை வைத்துப் படிக்கலாம்போல மென்மையாக இருக்கிறது. அந்தச் சங்க விதிதான் மனதில் ஓடியது, உயிரோடு இருக்கும்போது ஆசைப்பட்ட இடத்தில் கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்பது.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "இங்கிலாந்துக்கு வந்த முதல் வருஷம், எனக்கு ஷிப்ட் சம்பளம் பாக்கி நின்னுச்சு. யாருகிட்ட கேக்குறதுன்னு தெரியலை. யூனியன்ல இருந்து ஒரு அம்மா வந்து, எனக்காக உக்காந்து பேசி வாங்கிக் குடுத்தாங்கடா. அன்னைக்குச் சேர்ந்தவதான். மாசாமாசம் சந்தா போகுது. அது எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னைக்குத்தான் தெரியுது." பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, கல்லின் அடியில் புல்லுக்குள் வைத்தாள். ஒரு பென்னி.

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை

மீதி மூன்று ஊர்களையும் ஒரே மூச்சில் பார்த்தோம். அஃப்படில், 'ஆஃபா' என்ற ஆளின் பிடில். அங்கே தேவாலயத்து இருக்கைகளில் 1547 என்று ஆண்டும், அப்போதைய பாதிரியார் பெயரும் செதுக்கியிருக்கிறார்கள். பிரையன்ட்ஸ்படில், பிரையன் டி டர்பர்வில் என்ற பிரபுவின் பிடில். எர்னஸ்ட் டெபனம் இங்கேதான் 1914-இல் நிலம் வாங்கினார், லண்டனில் பெரிய துணிக்கடைக் குடும்பம். விவசாயத்தைப் புதிதாகச் செய்து காட்டவேண்டும் என்று பண்ணையும், கூலிக்காரர்களுக்கு வைக்கோல் கூரையோடு நல்ல வீடுகளும் கட்டினார். ஊரின் போர் நினைவுச் சின்னமும் எரிக் கில்லுடையதே. முதல் உலகப்போர் நின்ற மறுநாள், 1918 நவம்பர் 12-இல் திறந்திருக்கிறார்கள்.

டர்னர்ஸ்படிலில் சில வீடுகளும், வழிபாடு நின்றுபோன ஒரு தேவாலயமும். டூம்ஸ்டே காலத்தில் இதை வைத்திருந்தவர் பெயர் வால்டர் டோனிட்ரூவஸ். லத்தீனில் இடி என்று பொருள். இடி வால்டர்! அந்தக் குடும்பம் டோனர் ஆகி, டோனர் டர்னர் ஆகி, இடி கரைந்து போய்விட்டது. அங்கே ஆறு அகன்று, வெள்ளைப் பூ மிதக்கும் நீர்க்கொடிகளோடு போகிறது. கொடிகள் நீரோட்டத்தில் கூந்தல்போல் நீண்டு அசைகின்றன. பூ மட்டும் தண்ணீருக்கு மேல், நடுவில் மஞ்சள் பொட்டோடு.

கடைசியாக வேர்ஹம். ஆல்ஃப்ரெட் அரசர் காலத்து மண்கோட்டை ஊரைச் சுற்றி இன்றும் நிற்கிறது. வடக்குப் பக்கத்து மேட்டில் ஏறினால் கீழே பிடில். கரை எங்கே, வயல் எங்கே என்று தெரியாமல் நாணலும் சேறும் தேங்கிய நீருமாகப் பரந்து, பூல் துறைமுக நீரை நோக்கிப் போகிறது. மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்று மேய்கின்றன. பிடெலெ. சதுப்பு. பெயர் வைத்தவர்கள் பார்த்த அதே நிலம் இன்னும் அப்படியே இருக்கிறது.

வெயில் சாய்ந்துவிட்டது. அக்காவுக்கு நாளைக்குக் காலை ஷிப்ட். மேட்டிலிருந்து இறங்கும்போது, "டோலாங்கிறது அந்தம்மா பேரு, ஓர்க்குங்கிறது அவ புருஷன் பேரு, சரியாடா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். வார்டில் சொல்லவேண்டுமாம்.